திரையடியில் ஒரு வெள்ளைக் கோடு

வீட்டுக்குள்ளிருந்து பத்தாயிரம் பேர் ஒரே மூச்சில் கத்தினார்கள். அதைத் தொடர்ந்து ஒரு சைரன் அடித்தொண்டையில் கிளம்பி, உச்சிக்கு ஏறி, இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்று ஊளையிட்டது.

பூட்டில் சாவியை நுழைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் பயப்படவில்லை. அந்தப் பத்தாயிரம் பேரையும் உண்டாக்கியவளே அவள்தான். வெறும் இரைச்சலை எடுத்து ஏற்றி இறக்கிக் கூட்டமாக்கியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மைதானம். திறந்துகொண்டு கேட்டால் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்த சத்தம். சைரனும் அவள் செய்ததுதான். அதுதான் அவளைத் திகைக்க வைத்தது.

அவள் எழுதிய பேஸ்பால் வீடியோ கேமில் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலைகள். எதிரே மெஷின் பந்து வீசும், ஆடுபவர் மட்டையைச் சுழற்ற வேண்டும். கடினம் நிலையில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தால் மட்டும்தான் அந்தச் சைரன். ஆபீசில் நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவர்களுக்கே அதைக் கேட்கும் பாக்கியம் ஓரிரு முறைதான் வாய்த்திருக்கிறது. வீட்டிலோ இந்த நேரத்தில் இருக்கக்கூடிய ஒரே ஆள், அவளுக்குத் தெரிந்த வரையில் உலகத்திலேயே மோசமான பேஸ்பால் ஆட்டக்காரி.

அவளுடைய நாத்தனார்.

கதவைத் திறந்தபோது நாத்தனார் டிவிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜாய்ஸ்டிக். திரையில் ஆட்டத்தின் முதல் பக்கம், பச்சைப் புல்லும் நீல வானமுமாக, ஒன்றும் அறியாத பிள்ளை போல நின்றிருந்தது.

"என்ன அண்ணி, இன்னிக்கு மத்தியானமே வந்துட்டீங்க?"

"சைரன் சத்தம் கேட்டுதே."

"ஆமா, தெருவுல ஏதோ வண்டி போச்சு."

"கூட்டமும் அந்த வண்டியிலதான் போச்சா?"

நாத்தனார் ஜாய்ஸ்டிக்கை மெல்லக் கீழே வைத்தாள். "கை தவறிப் பட்டுடுச்சு அண்ணி. எந்தப் பொத்தானை அமுக்கினேன்னு எனக்கே தெரியல. காபி போடட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் அந்தப் பச்சைப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானமே அவள் வீடு திரும்பியதற்குக் காரணமும் இதே ஆட்டம்தான்.

டயர் கடைக்கு மேலே மாடியில் அவர்களுடைய ஆபீஸ். முதலாளி, அவள், மைதானமும் ஆட்களும் வரைகிற ஓவியர், கணக்கு பார்க்க வாரத்தில் பாதி நாள் வரும் ஒரு பெண், அவ்வளவுதான் மொத்தப் படை. இந்த ஆட்டம் முதலில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது, நன்றாகவே விற்றது. இப்போது டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கு அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாதிரிப் பிரதி, விற்பனைக்கு எடுக்கும் கம்பெனிக்குப் போய், அன்று காலைதான் திரும்பி வந்திருந்தது.

"எளிது நிலையை அவங்க வீட்டுச் சின்னக் குழந்தைகிட்ட குடுத்தாங்களாம்," என்றார் முதலாளி. "பந்து வந்து நின்னு, சௌக்கியமான்னு விசாரிச்சுட்டு, அப்புறம்தான் போகுதாம். குழந்தை அடிச்சு அடிச்சு ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சபடியே தூங்கிடுச்சாம்."

ஓவியர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "உங்க நாத்தனாருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல?"

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும்.

"பாரும்மா. கம்ப்யூட்டர் ஆட்டத்துல தப்பு வந்தா அடுத்த பிளாப்பியில திருத்தி அனுப்பினோம். இது கார்ட்ரிட்ஜ். சிப்புல ஏறினது ஏறினதுதான், அப்புறம் தலைகீழா நின்னாலும் ஒரு புள்ளியை மாத்த முடியாது. நாளன்னிக்கு சிப் அடிக்கப் போகுது. எளிது நிலை இப்படியே போச்சுன்னா, அடுத்த ஆட்டத்தை உன்கிட்ட குடுக்கறதா, வெளியாள்கிட்ட குடுக்கறதான்னு நான் யோசிக்கணும். வீட்டுக்குப் போ. அந்த மெஷினோட உட்கார்ந்து சரி பண்ணிட்டு வா."

வரும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் ஒரே கேள்விதான். எளிது நிலையை அவள் தன் இஷ்டத்துக்கு எளிதாக்கவில்லை. நாத்தனாரை வைத்து அளந்து அளந்துதான் எளிதாக்கினாள். அளவு எங்கே பிசகியது?

அளவுக்கு நாத்தனார் வந்ததே ஒரு தனிக் கதை. எளிது நிலை என்பது ஜாய்ஸ்டிக்கைத் தொட்டே பார்க்காத ஒருவர் கொஞ்ச நாளில் ஜெயிக்கும்படி இருக்க வேண்டும். ஆபீசில் அதைச் சோதிக்க ஆளே இல்லை. எல்லோருக்கும் கை பழகிவிட்டது. தெரியாதவர்கள் போல ஆடிப் பார்த்தார்கள். நடிப்பு முகத்தில்தான் வந்தது, விரலில் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவள் கணவனின் தங்கை இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள்.

வேறு ஊரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷினில் வேலை பார்த்தவள். கல்யாணம் முறிந்து ஒரு வருஷம் ஆகவில்லை, தொழிற்சாலையும் இழுத்து மூடப்பட்டது. அங்கே ஒரு வாடகை அறை மட்டும் மிச்சம். "பத்து நாள் இருந்துட்டுப் போறேண்ணா," என்று அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டு வந்தாள்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அதுவரை ஏழாம் பொருத்தம். கல்யாணத்தன்றே நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி, "எங்கண்ணன் பொண்டாட்டின்னு சொல்லி ஒரு கம்ப்யூட்டரைக் கூட்டிட்டு வந்திருக்கான்," என்று சொன்னவள். ஆனாலும் நாத்தனார் வருகிறாள் என்று தெரிந்ததும் அண்ணி தன் அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்தாள். அந்தத் தட்டில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளும் கையேடுகளும் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தன. ரயில் ஓட்டும் கணவன், யூனிபாரம் கசங்குகிறது, பாதித் தட்டாவது கொடு என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கெஞ்சியும் நகராதவை. இப்போது அவை அட்டைப்பெட்டியில் ஏறிக் கட்டிலுக்கடியில் போயின. தட்டில் புதுக் காகிதம் விரித்தாள். "எனக்கு இந்த மரியாதை என்னிக்காவது கிடைச்சுதா?" என்றான் கணவன்.

நாத்தனார் அந்தத் தட்டில் ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. பெட்டியைத் திறந்து எடுப்பாள், பெட்டியிலேயே மடித்து வைப்பாள். திமிர்தான் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சும்மா உட்கார்ந்திருந்தவளின் கையில் அவள் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தாள். மெஷின் பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே நாத்தனார் மட்டையைச் சுழற்றினாள். அடுத்த பந்து போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துச் சுழற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேடிய பொக்கிஷம் சோபாவிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

"நீ ஒண்ணும் அவசரமா ஊருக்குப் போக வேணாம்," என்றாள் அன்று. "இந்த வேலை முடியற வரைக்கும் இருந்துட்டுப் போ. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"சம்பளம் உண்டா அண்ணி?"

"தோக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?"

"எங்க தொழிற்சாலையில குடுத்தாங்களே," என்றாள் நாத்தனார். அன்றுதான் முதல் தடவையாக இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அதன் பிறகு சாயங்காலங்கள் மாறிவிட்டன. நாத்தனார் ஆடுவாள், அவள் பக்கத்தில் கீபோர்டோடு உட்கார்ந்து பந்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவாள், கொஞ்சம் குறைப்பாள். மைதானத்தில் நிற்கும் ஆட்களுக்கெல்லாம் நாத்தனார் பெயர் வைத்தாள். பந்து வீசுகிறவன் அவள் பழைய மேஸ்திரி. மூன்று தடவை தவறவிட்டால் அவுட் என்று கை காட்டும் நடுவர் அவள் பழைய மாமியார். "பாருங்க, எனக்கு அவுட் குடுக்கும்போது மட்டும் அந்த முகத்துல என்ன சந்தோஷம்," என்பாள். ரயிலிலிருந்து திரும்பும் அண்ணன், இரண்டு பெண்கள் டிவி முன்னால் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான்.

ஒருநாள் நாத்தனார் முதல் தடவையாகப் பந்தைச் சரியாக அடித்தாள். அடித்து, ஓடி, ஆட்டத்தையும் ஜெயித்தாள். போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அண்ணியும் மகிழ்ந்து போய், "அப்பாடா, இப்படியே போனா ரெண்டு வாரத்துல மூட்டை கட்டிடலாம்," என்றாள். அன்றைய பிளாப்பியின் மேல் பென்சிலால் 'முதல் வெற்றி' என்று எழுதியும் வைத்தாள்.

மறுநாளிலிருந்து நாத்தனாருக்குக் கை கூடவில்லை. அன்றைக்கு அடித்தது குருட்டு அதிர்ஷ்டம் போலிருக்கிறது என்று அவள் பந்தைக் கொஞ்சம் மெதுவாக்கினாள். அப்போதும் மயிரிழையில் தவறியது. இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினாள். இப்படியே இரண்டு மாதம். பந்து கடைசியில் சௌக்கியம் விசாரிக்கிற நிலைக்கு வந்து நின்றது.

காபி வந்தது. அவள் வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கொஞ்சம் ஆடேன். பாக்கணும்."

"இப்பவேவா? சாயங்காலம் ஆடலாமே அண்ணி."

"இப்ப ஆடு."

நாத்தனார் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அவள் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் இன்று மைதானத்தைப் பார்க்கவில்லை, திரையின் அடியைப் பார்த்தாள். சோதனைக்காக அங்கே அவளே ஒரு வெள்ளைக் கோடு வைத்திருந்தாள். பந்து கிளம்பும்போது கோடும் இடமிருந்து வலமாக வளரும். மட்டை சுழன்ற கணத்தில் நின்றுவிடும். சரியான இடத்தில் முள் போல ஒரு சின்னக் குறி. கோடு முள்ளில் நின்றால் அடி, முன்போ பின்போ நின்றால் தவறு.

முதல் பந்து. கோடு முள்ளைத் தாண்டி ஒரு விரல்கடை தள்ளி நின்றது. இரண்டாவது பந்து, அதே இடம். மூன்றாவதும் அதே இடம். நடுவர் கையை உயர்த்தினார்.

அவளுக்குக் காது சூடானது. ஆடத் தெரியாதவர் ஒரு பந்துக்கு முந்துவார், ஒரு பந்துக்குப் பிந்துவார். தவறு என்றால் அது நாலா பக்கமும் சிதறிக் கிடக்க வேண்டும். இப்படி அளவுகோல் வைத்தாற்போல ஒரே இடத்தில் தவறுவதற்குத் தனிக் கெட்டிக்காரத்தனம் வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் கீபோர்டில் பந்தின் வேகத்தை நடுத்தரத்துக்கு ஏற்றினாள். பந்து சீறியது. கோடு முள்ளைத் தாண்டி ஒரு விரல்கடையில் நின்றது. கடினத்துக்கு ஏற்றினாள். பந்து வந்த சுவடே தெரியவில்லை. கோடு அதே விரல்கடையில் நின்றது.

அவள் டிவியை அணைத்தாள். அறையில் கூட்டம் ஓய்ந்தது.

"எவ்வளவு நாளா?"

"என்ன அண்ணி?"

"எவ்வளவு நாளா என்னை முட்டாளாக்கிட்டு இருக்கே? காலையில ஆபீசுல எல்லார் முன்னாடியும் மூக்குடைபட்டு வந்து நிக்கறேன். நாளன்னிக்கு சிப் அடிக்கிறாங்க. அடுத்த ஆட்டம் எனக்கு இல்லன்னு முதலாளி பாதி முடிவே பண்ணிட்டார். என் மேல என்ன கோபம் இருந்தாலும் நேரா கேட்டிருக்கலாமே."

நாத்தனாரின் முகம் வெளிறிவிட்டது. "மாதிரியை அதுக்குள்ள அனுப்பிட்டீங்களா?"

"பின்ன? வேணும்னே தோத்துக்கிட்டு இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். கோபமான பார்வையில்லை. ஏதோ ஒன்றை வெகுநாளாக ஒரு மாதிரி நினைத்திருந்துவிட்டு, இப்போது அது வேறு என்று தெரிந்துகொண்ட பார்வை.

"தெரியாதா?" என்றாள் மெதுவாக. "அந்தக் கோடு ஒவ்வொரு பந்துக்கும் ஒரே இடத்துல நிக்குதே. அதைப் பார்த்துத்தானே நான் தோக்கறேன். கொஞ்சம் முன்னாடி அமுக்கினா அடி பட்டுடும். தினமும் பக்கத்துலயே உட்கார்ந்து பாக்கறீங்க. ஒரு எழுத்து தப்பாப் போனாலே கண்டுபிடிக்கிற ஆள் நீங்க. நீங்க பார்த்துட்டுத்தான் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்கன்னு நான் நினைச்சேன்."

"நான் எதுக்கு ஒண்ணும் சொல்லாம இருக்கணும்?"

"அதான், எனக்கும் அது புரியல. சரி, மனசு வந்து விட்டுக் குடுக்கறீங்கன்னு இருந்துட்டேன்." நாத்தனார் எழுந்து காபித் தம்ளரை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. "தப்புதான் அண்ணி. உங்க வேலைக்கு இப்படி ஆகும்னு சத்தியமா நினைக்கல. ஏதாவது பண்ண முடியுமா பாருங்க."

அவளுக்குக் கேட்க இன்னும் ஆயிரம் இருந்தது. ஆனால் முதலில் சிப். வேலை என்று வந்துவிட்டால் அவள் மற்றதையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிடுவாள்.

நாத்தனாரை இனி அளவுகோலாக வைக்க முடியாது. கடினத்தில் சைரன் ஊத வைக்கிறவளைக் கொண்டு எளிதை எப்படி அளப்பது? தெரியாத ஆள் ஒருவரைப் புதிதாகப் பிடித்துப் பழக்க நேரமும் இல்லை. பிளாப்பிப் பெட்டியை மடியில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடியிலிருந்து அது வந்தது. பென்சில் எழுத்து லேசாக அழிந்திருந்தது. 'முதல் வெற்றி.'

அன்றைக்கு நாத்தனாருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. தெரியாமல் ஆரம்பித்து, சில நாள் தோற்று, தட்டுத் தடுமாறி, நிஜமாக ஜெயித்து, பக்கத்து வீட்டுக்காரரைச் சுவர் தட்ட வைத்த வேகம் அது. எளிது நிலை அன்றைக்கே முடிந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு மாதமும் அவர்கள் செய்ததெல்லாம் முடிந்துபோன வேலையைக் கெடுத்ததுதான்.

பிளாப்பியைச் செருகி, அன்றைய வேகங்களை எடுத்து, கன்சோல் பிரதியில் பொருத்தினாள். ஓடவிட்டுப் பார்த்தாள். பந்து யாரையும் விசாரிக்கவில்லை. நேராக வந்தது, நிதானமாக வந்தது. கற்றுக்கொள்கிறவனுக்கு மரியாதை கொடுத்து வந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் கையை நெட்டி முறித்தாள்.

கையில் வேலை இல்லாமல் போனதும், கழற்றிப் போட்டதெல்லாம் திரும்பி வந்தது.

கோட்டை நான் பார்க்கவில்லையா? அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வைத்ததே நான். பந்து போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும், பழக்கம். பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "சே, மயிரிழையில போச்சே," என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் நடுவர் முகத்தைக் காட்டி இவள் ஏதாவது சொல்வாள், சிரிப்போம், நான் பந்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக்குவேன். வேறு யார் இப்படி ஒரே இடத்தில் தவறியிருந்தாலும் இரண்டாம் நாளே பிடித்திருப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த டிவி முன்னால் நான் தனியாகத்தானே உட்கார்ந்திருந்தேன்.

"முடிஞ்சுதா அண்ணி?" உள்ளறையிலிருந்து குரல்.

"முடிஞ்சுது. முதல்ல இருந்தபடியே வெச்சுட்டேன். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

"நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சு என்ற குரலில் நல்லது எதுவும் இல்லை. அடுத்து ஏதோ தரையில் இழுபடும் சத்தம். அவள் எழுந்து போவதற்குள் நாத்தனாரே ஹாலுக்கு வந்துவிட்டாள். ஒரு கையில் ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி காலடியில். தலை வாரி, வெளியே போகும் உடுப்பு மாற்றியிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஊருக்குத்தான். அண்ணன் வந்ததும் சொல்லிட்டு நாளைக்குக் காலையில போறேன். இப்பவே எடுத்து வெச்சா காலையில பரபரப்பு இல்ல பாருங்க." சிரிக்கப் பார்த்தாள். "எடுத்து வைக்கவும் என்ன இருக்கு. எல்லாம் பெட்டியிலயேதான் இருந்துச்சு."

"யாரு உன்னைப் போகச் சொன்னா?"

"வேலை முடியற வரைக்கும் இருன்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணி. அன்னிக்கு நான் ஜெயிச்சதும் ரெண்டு வாரத்துல மூட்டை கட்டிடலாம்னீங்க. எனக்கு அங்க போய் அந்த ரூம்ல..." வாக்கியத்தை முடிக்காமல் நாத்தனார் பெட்டியின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தாள். "அதான் கொஞ்ச நாள் தோத்துப் பார்த்தேன்."

'வேலை முடியற வரைக்கும் இரு.' ஒத்தாசைக்கு, பேச்சுக்கு, மரியாதைக்கு என்று சொன்ன ஒரு வார்த்தை அது. சொன்ன மறுநாளே அவளுக்கு மறந்துபோன வார்த்தை. இங்கே ஒருத்தி அதைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு மாதம் ஒவ்வொரு பந்தையும் ஒரு விரல்கடை தள்ளித் தவறவிட்டிருக்கிறாள்.

நாத்தனாரின் காலடியிலிருந்த பெட்டியை அண்ணி தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது. உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலின் மேல் வைத்து, அலமாரிக் கதவை இழுத்துத் திறந்தாள். நடுத்தட்டில் விரித்த காகிதம் ஒரு சுருக்கமும் விழாமல் அப்படியே கிடந்தது. நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள்.

அவள் திரும்பிப் பார்க்காமலே பெட்டியின் பூட்டை நெம்பினாள்.

"உனக்கு ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கத் தெரியுமா தெரியாதான்னு தெரியறதுக்கு முன்னாடியே நான் இந்தத் தட்டைக் காலி பண்ணிட்டேன்."